கட்டையும் தோலும்

தீவகத்தில் இசைக்குழு நடத்துபவன் பாட்டுக்காரனாக மட்டும் இருந்தாற் போதாது. பாரம் தூக்குபவனாகவும் இருத்தல் வேண்டும். பண்ணைத் தாம்போதியைக் கடந்து மண்டைதீவுச் சந்திக்கு அப்பாற் சென்றால் அல்லைப்பிட்டி. அங்கிருந்து வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் வீதி உண்டு. குறிகட்டுவான் துறையோடு அவ்வீதி முடிந்துவிடுகின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்ல வேண்டியவர்கள் படகிலேயே செல்லவேண்டும். கிற்றார்க்காரன் தன் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு படகில் ஏறிவிடுவான். புல்லாங்குழல்காரனுக்கு அந்தக் கவலையும் இல்லை. ட்றம் செற் வைத்திருப்பவனின் பாடுதான் பெரும்பாடு. பெரிய முரசு ஒன்று, சிறியவை மூன்று, சிம்பல்கள், அவற்றைத் தாங்கும் இரும்புக் கால்கள், பெடல், முக்காலி என்று ஒரு சிறு குடும்பத்தின் வீட்டுச் சாமான் அளவுக்குப் பொருள் சேர்ந்துவிடும்.

அல்லைப்பிட்டி இளைஞன் ஒருவன் இத்தகைய செற் ஒன்றை வாங்கப் புறப்பட்டான். அவனுடைய குழுவில் அறுவர். தேவாலயப் பெருநாள், கோயில் திருவிழா, பாடசாலை விழா என்று அழைத்த இடமெல்லாம் சென்று வாசிப்பவர்கள். அதுவரை வாடகைக்கு எடுத்த ட்றம் செற்றிலேயே காரியம் நடந்தது. வாடகைக் கருவியில் நிகழ்ச்சி நடத்தலாம். ஒலிப்பதிவு செய்தல் அரிது. ஒவ்வொரு முறையும் வேறு முரசு, வேறு சுருதி. ஒரு பாட்டை இரண்டு நாட்களாகப் பதிவு செய்தால் முதல் நாளின் ஒலி மறுநாள் கிடைப்பதில்லை. ஆகவே சொந்தமாக ஒன்று வேண்டும் எனத் தீர்மானித்தார்கள். புதியதைப் பற்றிய பேச்சு நெடுநேரம் நீடிக்கவில்லை. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவைத் தாண்டிச் சென்றபின், கடல் கடந்து வரும் எந்தக் கருவியும் மீன்பிடிக் கிராமத்து இளைஞர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. எஞ்சியது பாவித்த பொருள்தான்.

பாவித்த கருவியோடு பிழைப்பது இந்நாட்டுத் தமிழ் இசைக்குழுக்களுக்குப் புதிதன்று. 1970 முதல் 1977 வரையிலான காலத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. விந்தை யாதெனில், ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை பொங்கியெழுந்ததும் அக்காலத்திலேயே. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பாடல்கள் வானொலியிலும் மேடையிலும் ஒலித்தன; மனோகரனின் புகழோடு இணைந்த ‘சுராங்கனி’ 1977 இல் தமிழகத் திரைப்படம் வரை சென்றது. போர்த்துக்கேயர் வழிவந்த பைலாவின் ஆறெட்டுத் தாளத்தை விட்டால் அப்பாடல்களிற் பாதிக்கு நிற்கக் கால் இராது. அத்தாளத்தைப் பெரிய மண்டபத்தின் கடைசி வரிசை வரை கொண்டு செல்வது ட்றம்ஸ். பாட்டைப் பாடியவரின் பெயர் நிலைத்தது. பின்னால் இருந்து அடித்தவனின் பெயரை அறிவிப்பாளர்கூடச் சில வேளைகளிற் சொல்ல மறந்தார்.

இங்கே ஒன்றைக் கூறாமற் செல்லுதல் நேர்மையாகாது. யாழ்ப்பாணச் சமூகம் முரசை ஒருபோதும் வெறும் முரசாகப் பார்த்ததில்லை. அடிப்பவனின் சாதியையும் சேர்த்தே பார்த்தது. சாவீட்டில் பறை வேண்டும். பறையடிப்பவன் படலைக்கு வெளியே நிற்கவேண்டும். தவிலுக்குக் கோயில் வீதியில் இடமுண்டு. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்கத் தமிழகமே திரண்டது. ஆயினும் ஊரில் அக்கலைஞர் குலத்தைப் பற்றிய ஏற்றத்தாழ்வுப் பேச்சு ஓயவில்லை. இந்நிலையில் மேனாட்டு ட்றம்ஸ் வந்தது. 1956, 1957 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் எவன்ஸ் என்பவரும் ரெமோ பெல்லி என்பவரும் விலங்குத் தோலுக்குப் பதிலாக மைலார் எனும் பிளாஸ்ரிக் தோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். மழைக்காலத்தில் தளராத, வெயிலில் வெடிக்காத தோல் அது. பறைக்காரர் ஓலை கொளுத்தித் தீயிற் காய்ச்சிச் சுருதி ஏற்றுவதை, இங்கே ஒரு சாவியைத் திருகி முடித்துவிடலாம். தோல் போயிற்று, தோலோடு தீட்டும் போயிற்று. அதே கோல், அதே கை, அதே அடி. குரோமியம் பூசிய வளையம் பளபளத்தவுடன் அது கௌரவமான தொழிலாகிவிட்டது. இம்மாற்றத்தை முன்னேற்றம் என்பதா, பாசாங்கு என்பதா? பறைக்காரரின் பேரன் இன்னும் படலைக்கு வெளியிலேயே நிறுத்தப்படும் இடங்கள் உள்ளவரையில் இரண்டாவது சொல்லே பொருந்தும்.

அவன் முதலிற் பார்த்த செற் யாழ் நகரில் இருந்தது. கலைந்துபோன குழு ஒன்றினுடையது. சிவப்பு மினுக்கம், ஏழு முரசுகள், கண்ணாடி போன்ற வளையங்கள். கூடச் சென்ற நண்பர்கள் மூவரும் பார்த்த மாத்திரத்திலேயே மயங்கிவிட்டனர். மேடையில் வைத்துப் படம் பிடித்தால் எப்படியிருக்கும் என்பதே அவர்களின் பேச்சு. அவனோ ஒரு தோலைக் கழற்றிப் பார்க்கலாமோ என்று கேட்டான். “தம்பி, செற் பண்ணி வைச்ச சாமானைக் குலைக்காதையும்” என்றார் உரியவர். அந்த மறுப்பே பாதி விடை எனலாம். ஆயினும் அவன் விடவில்லை; ஒன்றையாவது கழற்ற இசைவு பெற்றான்.

ட்றம் ஒன்றின் உயிர் அதன் கட்டையின் விளிம்பிலே இருக்கின்றது. வட்டமான மரக்கூட்டின் வாயில், தோல் வந்து அமரும் அந்த மெல்லிய விளிம்பு எங்கும் ஒரே மட்டமாக இருத்தல் வேண்டும். கூட்டைத் தட்டையான கண்ணாடிமேற் கவிழ்த்து, உள்ளே ஒரு விளக்கை வைத்தால், விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையில் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பள்ளம். பள்ளம் உள்ள முரசுக்கு எவ்வளவு சாவி திருகினாலும் சுருதி நில்லாது. அடுத்து, கூடு உண்மையில் வட்டந்தானா என்று குறுக்கும் நெடுக்கும் நூல் பிடித்து அளக்கவேண்டும். ஈரத்தில் ஊறிய ஒட்டுப்பலகை முட்டை வடிவம் கொள்ளும். அதன்மேற் புதிய தோலை வைத்தால் ஓரிடத்தில் இறுகியும் வேறோரிடத்தில் ஆடியும் நிற்கும். சிவப்புச் செற்றின் நடு முரசிலே வெளிச்சம் மூன்று இடங்களிற் கசிந்தது. உட்புறத்தில் பழைய துளைகளை மெழுகிட்டு அடைத்து, வெளியே புதிய மினுக்கத் தாள் ஒட்டியிருந்தார்கள். சிம்பல்கள் பித்தளை. தட்டினால் தகரச் சத்தம்.

சிம்பலைப் பற்றி இரண்டு வார்த்தை கூறவேண்டும், ஏனெனில் பாவித்த செற் வாங்குவோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். நல்ல சிம்பல் வெண்கலம். ஏறத்தாழ எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு வெள்ளீயமும் கலந்தது. கோயில் மணியும் அதன் உறவுதான். கட்டையைச் சீர்செய்யலாம், தோலை மாற்றலாம், கெட்ட சிம்பலை எவராலும் நல்லதாக்க முடியாது. விளிம்பில் நகத்தை ஓடவிட்டுப் பார்த்தால் மயிரிழை வெடிப்பும் தட்டுப்படும். நடுத்துளை சாவித்துவாரம்போல் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், பழைய உரிமையாளன் அடியிற் கல் பொறுக்கியவன் என்றே கொள்ளலாம். சந்தையிற் பானை வாங்கும் கிழவி செய்வதும் இதுவே: விரலால் தட்டுவாள், காதருகே பிடிப்பாள், வெடித்ததை விலக்குவாள். அல்லைப்பிட்டிக் கரையிலே ஜோன் கார்ஸ்வெல் அகழ்ந்தாராய்ந்த, ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டு பழைமையான சீனக் கலங்களையும் அன்று எவரோ தட்டிப் பார்த்தே கப்பலில் ஏற்றியிருப்பார்.

இரண்டாவது செற் ஒரு முதியவரின் வீட்டில் இருந்தது. அவரும் அல்லைப்பிட்டிக்காரர், இப்பொழுது கொக்குவிலில் மகளோடு வசிக்கின்றார். எழுபதுகளிலே கொழும்பில் ஹோட்டல் ஒன்றில் வாசித்த ஒருவரிடம் வாங்கி, யாழ்தேவியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். அதாவது, அவர் வாங்கியபோதே அது பாவித்த பொருள். ஜப்பானில் உருவானது, நான்கே முரசுகள். வெளித்தாள் மங்கி, பழுத்த பனையோலை நிறத்துக்கு வந்திருந்தது.

“ஐயா, தோலைக் கழற்றிப் பாக்கலாமோ?”

“கழற்றிப் பாக்காமல் வாங்கிறவனுக்கு நான் விக்கவே மாட்டன், தம்பி.”

அவரே சாவியை எடுத்துக் கொடுத்தார். கழற்றக் கழற்றக் கதையும் வந்தது. முதன்முதல் அவர் ட்றம்ஸ் அடித்தபோது வீட்டில் ஏற்பட்ட அமளியைச் சொன்னார். “பறைதான் அடிக்கப் போறியோ எண்டு எங்கடை ஆச்சி ஒரு கிழமை என்னோடை கதைக்கேல்லை. பிறகு திருவிழாவிலை முன்வரிசையிலை வந்து இருந்ததும் அவதான்.” 1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது அல்லைப்பிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். செற் அப்பொழுது கொக்குவிலில் தமக்கையின் வீட்டில் இருந்ததால் தப்பியது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை, எரிபொருளுக்குத் தடை. ஒலிபெருக்கி இல்லாமற் பாட்டுக் கச்சேரி எப்படி? குழு தானாகவே கலைந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது சைக்கிளில் ஏற்ற முடிந்தது அரிசியும் பிள்ளைகளும் மாத்திரமே. மறு ஆண்டு திரும்பி வந்தபோது கதவு நிலைகளையும் காணவில்லை. ட்றம் கூடுகள் மட்டும் கிடந்தன. எடுத்துச் சென்றவர்களுக்கு அது என்னவென்று விளங்கவில்லைப் போலும். அதன்பின் பெரிய முரசின் கூட்டுக்குள் அவருடைய மனைவி பல ஆண்டுகள் ஒடியல் போட்டு வைத்திருந்தார். “அதாலைதான் தம்பி, மரம் ஈரம் பிடிக்கேல்லை” என்றார் முதியவர். இது அறிவியலோ அன்போ தெரியாது; கூட்டுக்குள் மூக்கை விட்டால் ஒடியல் மணம் இன்னும் வந்தது.

ஆராய்ந்ததிற் குறைகளும் இல்லாமலில்லை. நடு முரசின் விளிம்பில் ஓரிடத்தில் அரை அங்குல நீளத்துக்குச் சிதைவு. கீழ்த்தோல்கள் இரண்டு இல்லை. ஒரு சிம்பல் வெண்கலம், வெடிப்பற்றது. மற்றையதின் ஓரத்தில் வெடிப்பு. ஆணிகள் சில துருவேறிச் சுற்ற மறுத்தன. ஆனால் கூடுகள் நான்கும் வட்டம் பிசகவில்லை. உள்ளே வலுவுக்காக ஒட்டிய மரவளையங்கள் அசையவில்லை. தோல் வைத்தால் தன் பாரத்திலேயே இறங்கி அமர்ந்தது. அளவுகளும் இன்றைய பொதுவான அளவுகள்; இதை முதலிற் பார்க்கவேண்டும். அறுபதுகளின் இறுதிக்கு முந்திய பிரித்தானிய முரசுகள் சிலவற்றுக்கு இன்று கடையில் விற்கும் தோல் பொருந்தாது. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியவன் அதைப் பூச்சாடியாகத்தான் பாவிக்கவேண்டும்.

தவிற்காரர்கள் இத்தேர்வை நன்கு அறிவார்கள். பலாமரத்திற் குடைந்த தவிற்கட்டை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். தோலோ ஆண்டுக்குப் பலமுறை மாறும். கட்டைக்கு விலை கொடு, தோலுக்குக் கூலி கொடு என்பது அவர்கள் வழக்கம்.

நண்பர்கள் இதனை ஒப்பவில்லை. அவர்களின் வாதம் முற்றிலும் அற்பமானதன்று. குழுவை அழைப்பவர்கள் காதால் மட்டும் அழைப்பதில்லை. மங்கிய செற்றை மேடையில் வைத்தால் அடுத்த அழைப்பு வேறு குழுவுக்குப் போகலாம். அன்றியும், ஒலிப்பதிவுக்கு மெய்யான முரசே தேவையா என்றான் விசைப்பலகை வாசிப்பவன். கணினியில் ஆயிரம் முரசுகளின் ஒலி இருக்கின்றது. விரலால் அழுத்தினால் வந்துவிடும். துருப்பிடிக்காது, படகில் ஏற்றவும் வேண்டாம். இன்று வெளிவரும் பாடல்களிற் பெரும்பாலானவை அப்படித்தானே உருவாகின்றன? இக்கேள்விக்கு அவன் உடனே விடை கூறவில்லை. பின்னர் கூறியது இதுதான்: கணினியிலுள்ள முரசு எங்கோ ஒரு நாட்டில் எவனோ அடித்தது. எல்லாக் குழுக்களும் அதையே எடுப்பதால் எல்லாப் பாட்டும் ஒரே அறையிற் பிறந்ததுபோல் இருக்கின்றது. அல்லைப்பிட்டியில் அடித்தால் அல்லைப்பிட்டி கேட்கவேண்டும்.

அவ்வூரிலே ஒலிக்கும் மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13 ஆம் நாள், புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். ஒரு வாரத்தின் பின் பங்குத் தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். ஊர் மீண்டும் வெறிச்சோடியது. முன்னர் அவ்வூரில் இருந்தவர்களிற் பலர் இன்று பாரிஸிலும் ரொறன்ரோவிலும் உள்ளனர். ஊரின் ஒலி அவர்களுக்கு இப்பொழுது கைத்தொலைபேசி வழியாகவே செல்கின்றது. பெருநாள் திருப்பலியில் எடுத்த ஓர் ஒலிப்பதிவை அவர்கள் பத்துமுறை திருப்பிக் கேட்பதுண்டு. ஒலிப்பதிவுக்கு நல்ல முரசு வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்ததன் பொருள் இப்பின்னணியிலேயே விளங்கும்.

ஒலிவாங்கி இரக்கமற்றது. மேடையில் மறையும் குறையெல்லாம் பதிவில் வெளிப்படும். பெடலின் கீச்சொலி, முக்காலியின் முனகல், பழைய முரசுகளின் ஆணிப்பெட்டிக்குள் இருக்கும் சுருள்வில்லின் ரீங்காரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடி அடக்கவேண்டும். வில்லுக்குள் சிறிது பஞ்சைச் செருகினால் ரீங்காரம் நிற்கும். ஏழு முரசு வேண்டியதில்லை. முரசு கூடக்கூட அடிக்காதவையும் அதிர்ந்து முனகும். குழுவிடம் இருந்தவை நான்கு ஒலிவாங்கிகள்: பெரிய முரசுக்கு ஒன்று, ஸ்னெயருக்கு ஒன்று, தலைக்குமேல் இரண்டு. நான்கு முரசுக்கு அது தாராளம்.

படகுப் பயணத்துக்கும் பழைய செற்றே உகந்ததாயிற்று. இன்றைய சிம்பற் கால்கள் இரட்டை இரும்பில் உருவான பாரமான பொருள்கள்; லொறியிற் செல்லும் குழுவுக்கு அவை உறுதி, குறிகட்டுவானிற் படகுக்குக் கைமாற்றும் குழுவுக்கு முதுகுவலி. எழுபதுகளின் ஒற்றைக் கால்கள் இலேசானவை. உப்புக்காற்று மாத்திரம் எதையும் விடாது. நிகழ்ச்சி முடிந்தவுடன் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, ஆணிகளுக்குக் கிறீஸ் பூசவேண்டும். நெடுந்தீவில் ஒரு வாளி நன்னீரின் பெறுமதி அறிந்தவர்களிடம் முரசு துடைக்கத் தண்ணீர் கேட்பதற்கும் சற்று முகம் வேண்டும். ஆகவே கொள்கலனில் ஊரிலிருந்தே கொண்டு செல்வதென்று முடிவாயிற்று.

வாக்கெடுப்பில் நால்வர் பழையதற்கும் இருவர் சிவப்புக்குமாக நின்றனர். முதியவர் கேட்ட விலையிற் பேரம் பேசப்படவில்லை. அவராகவே சிறிது குறைத்துக்கொண்டார். லான்ட்மாஸ்ரரில் ஏற்றிப் பண்ணை வழியாகக் கொண்டுவந்தார்கள். ஊரில் ஒரு தச்சர், உடைந்த அலுமாரி ஒன்றின் கண்ணாடியை மேசையிற் கிடத்தி, அதன்மேல் மண்தாளை ஒட்டி, சிதைந்த விளிம்புக்கு முதலில் மரத்தூளும் பசையும் இட்டு நிரப்பினார். மறுநாள் கூட்டைக் கவிழ்த்து மெதுவாகச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தார். அரைநாள் வேலை. பின்னர் விளக்கை உள்ளே வைத்துப் பார்த்தபோது வெளிச்சம் எங்கும் கசியவில்லை. வெடித்த சிம்பலுக்குப் பதிலாக வேறொன்று கிடைக்கும்வரை ஒன்றோடு சமாளிப்பது என்றாயிற்று.

புனித பிலிப்பு நேரியாரின் திருநாள் மே 26. அதற்கு முன்னர் பாரிஸிலிருந்து அவனுடைய சித்தப்பா வருவதாக இருந்தார். புதுச் செற் ஒன்றே வாங்கித் தருவதாக முன்னர் சொன்னவர் அவர். அவருக்கு அவன் எழுதி அனுப்பிய செய்தி சுருக்கமானது: “சித்தப்பா, செற் வேண்டாம். தோல் மட்டும் கொண்டுவாங்கோ. மேல்தோல் 13 அங்குலம் ஒண்டு, 16 அங்குலம் ஒண்டு, கீழ்த்தோலும் அதே அளவிலை ஒவ்வொண்டு, பெரியதுக்கு 22. அங்கை சென்ரிமீற்றர் எண்டு கேட்டால் 33, 40 அரை, 56 எண்டு சொல்லுங்கோ. வளைஞ்சு போகாமல் பெட்டியின்ரை அடியிலை தட்டையா வையுங்கோ. 22 பெட்டிக்குள்ளை அடங்காட்டில், கையிலை கொண்டுவாங்கோ.”